இரைச்சல் போடும் கிடார்

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் திருமயம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எங்கள் இசைக்குழுவில் ரிதம் கிடார் வாசிக்கும் முத்து போன் செய்தார்.

"அக்கா, சகாயம் அண்ணன் போயிட்டாருக்கா."

"எந்த மேடையில?" என்றுதான் கேட்டேன்.

"மேடையில இல்லக்கா. வீட்டுல, தூக்கத்துலயே."

அதைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

அவரை அறியாதவர்களுக்கு என் கேள்வி விபரீதமாகத் தோன்றலாம். சகாயம் அண்ணன் எங்கள் குழுவின் லீட் கிடார் கலைஞர், நான் பாடகி. திருவிழா மேடை என்றால் ஜெனரேட்டர், ஈரத் தரை, ஒட்டுப்போட்ட வயர், கண்ட இடத்தில் சீரியல் லைட். கிடார் கம்பியில் கையும் மைக்கில் உதடும் இருக்கும்போது கரண்ட் பாய்ந்தால் ஆள் மிஞ்சமாட்டார். அந்தப் பயத்தோடுதான் இத்தனை வருடமும் பாடியிருக்கிறேன்.

அவரோடு நான் முதலில் ஏறியது ஆலங்குடிப் பக்கம் ஒரு கோயில் மேடை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. நான் மைக்கைப் பிடிக்கப் போனேன். "இருத்தா, நான் தொட்டுட்டு வாரேன்" என்று என்னைத் தள்ளி நிறுத்தினார். ஒரு கை கிடார் கம்பியில் இருக்க, மறு கையின் புறங்கையால் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ளங்கையால தொட்டா விரல் மடங்கி அதையே புடிச்சுக்கிரும். புறங்கைன்னா ஒதறி விட்ரும்" என்றார். அன்றிலிருந்து எல்லா மேடையிலும் முதல் கை அவருடையதுதான்.

பின்னாளில் புதுக் கிடார் வாங்க அவரோடு சென்னைக்குப் போனோம். கடைசியில் இரண்டு மிஞ்சின. இரண்டுமே பேர்போன வெளிநாட்டுக் கம்பெனிகளுடையவை. ஒன்று கனமானது, குரலும் கனம், துளி இரைச்சல் கிடையாது. மற்றது இலேசானது, கணீரென்று பேசும். ஆனால் வாசிக்காதபோது 'உம்'மென்று இரைந்துகொண்டே இருக்கும். நாங்கள் எல்லோரும் முதலாவதைக் காட்டினோம். அவர் இரண்டாவதை வாங்கினார். ஊர் வந்து சேரும்வரை, இரைச்சலை விலை கொடுத்து வாங்கிய மகராசன் என்று ஓட்டித் தள்ளினோம்.

"சிரிங்க. லைன்ல கோளாறுன்னா இதோட இரைச்சல் மாறும், எனக்குத் தெரிஞ்சுரும். அது ஊமையால்ல இருக்கு, ஒண்ணும் சொல்லாது" என்றார்.

அடுத்த கோடையில் கடலோர ஊர் ஒன்றில் கச்சேரி. அண்ணன் புறங்கையால் தொட்டுப் பார்த்து நல்லபடியாகத்தான் தொடங்கினோம். பாதியில், ஒரு பாட்டு முடிந்து நான் தண்ணீர் குடித்துவிட்டு மைக்குக்குத் திரும்பினேன். கிடாரின் இரைச்சல் திடீரென்று தடித்தது.

"தொடாதத்தா!"

அவர் போட்ட சத்தத்தில் கூட்டமே அடங்கிவிட்டது. சவுண்ட் சர்வீஸ்காரர் ஓடிவந்து மைக் ஸ்டாண்டில் டெஸ்டரை வைத்தார். அது பளிச்சென்று எரிந்தது. எர்த் வயரை யாரோ மிதித்துப் பிடுங்கியிருந்தார்கள்.

"ஒங்களுக்குப் பயமே இல்லையாண்ணே?" என்று வேனில் கேட்டேன்.

"பயந்துதான் சாகுறேன். பயம் இல்லாதவன் எதுக்குத்தா தொட்டுப் பாக்கப் போறான்?" என்றார்.

அடக்கத்தன்று வீட்டு வாசலில், அவருக்குப் பிடித்த பாட்டைப் பாடும்படி அண்ணன் மனைவி, எங்கள் மதினி, என்னிடம் கேட்டார்கள். முத்து தன்னுடைய இரைச்சல் போடாத கிடாரைத்தான் கொண்டு வந்திருந்தார். "அண்ணனோடத எடுங்க" என்றேன். மதினி உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தார்கள். வயரைச் சொருகியதும் அது 'உம்'மென்றது. முத்து கம்பியில் கை வைத்ததும் அடங்கியது.

மைக் எனக்கு முன்னால் இருந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். அண்ணன் வந்து தொட்டுப் பார்ப்பார் என்று என்னை அறியாமல் நானும் காத்திருந்தேன். பெட்டிக்குள் அவர் கைகளைக் கோத்துக் கட்டியிருந்தார்கள்.

பயந்துகொண்டேதான் என் புறங்கையை மைக்கில் வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை.

தொட்டுட்டேன்ணே. நீங்க பயமில்லாமப் போய்ட்டு வாங்க.