பின்னறைக் கட்டிலும் ஐரோப்பாவும்

லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டின் பின்னறையில் ஒரு கட்டில் கிடக்கிறது. என் தங்கைக்கென்று வாங்கியது. அவள் பாரிசில் இருக்கிறாள், பிரெஞ்சுக் கடவுச்சீட்டுக்காரி, ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. பிரிட்டன் ஐரோப்பாவோடு சேர்ந்திருந்த காலத்தில் அவள் இங்கே குடிவர விசா தேவைப்படவில்லை. ரயிலேறி செயின்ட் பன்கிராஸில் இறங்கினால் போதும். எங்களுடைய ஆட்கள் எத்தனை பேர் ஜெர்மனியிலிருந்தும் ஹொலண்டிலிருந்தும் அப்படிச் சட்டி பானையோடு வந்து சேர்ந்தார்கள். அவளும் வந்திருப்பாள். அவளுடைய கணவர்தான் லண்டன் மழை தனக்கு ஒத்துவராது என்று ஒற்றைக்காலில் நின்றார். பிரிட்டன் விலகி அந்தக் கதவு சாத்தப்பட்ட பிறகு மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது அவள் அங்கே தனியாள். அக்கா தங்கை என்ற உறவுக்கு இந்த நாட்டில் விசா கிடையாது.

கதவைச் சாத்தியவர்களில் என் கணவரும் ஒருவர். தானே அகதியாய் வந்த மனிதர், பிறகு வந்தவர்களால்தான் டொக்டரைப் பார்க்க இடம் கிடைக்கவில்லை என்று சொல்லி, விலக வேண்டும் என்று வாக்குப் போட்டுவிட்டு வந்தார். "உங்கட மச்சாளும் அந்தக் கதவுக்கு அங்காலதான் நிக்கிறாள்" என்று அன்றைக்கே சொன்னேன். காதில் ஏறவில்லை. பட்டர் விலை ஏறிய பிறகுதான் ஞானம் பிறந்தது. ஒரு கட்சி, தாங்கள் ஆட்சிக்கு வந்தால் பிரெக்சிட்டை மாற்றி மறுபடி சேருவோம் என்று அறிவித்ததும், அவருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே பாரிசுக்குப் போன் போட்டு, அவர்கள் வெல்லட்டும், நீர் இங்கே வந்துவிடலாம் என்று மச்சாளுக்கு ஆசை காட்டினார்.

எனக்கோ தேர்தல் வாக்குறுதி என்றாலே நம்பிக்கை வராது. ஊரில் தமிழருக்கு உரிமை தருவதாக ஒப்பந்தம் எழுதினார்கள், பிறகு கிழித்தார்கள் என்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தீபாவளிக்குள் தீர்வு வரும், பொங்கலுக்குள் தீர்வு வரும் என்று அங்கே மேடையில் சொன்னவர்களைப் பற்றி இங்கே கலியாண வீடுகளில் பேசிச் சிரிப்போம். அப்படிச் சிரிப்பதில் நான் முன்வரிசை.

போன புரட்டாதியில் தங்கைக்கு அரசாங்க வீடு ஒன்று கிடைத்தது. பாரிசுக்கு வெளியே, ரயிலின் கடைசித் தரிப்பிடத்தில். வருடக்கணக்காகக் காத்திருந்த வீடு. வேண்டாம் என்றால் மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும்.

"திங்கட்கிழமைக்குள்ள பதில் சொல்லோணும் அக்கா" என்றாள். "எடுத்தா இனி அங்கதான். இன்னொருக்காப் பெட்டி கட்ட எனக்குத் தெம்பில்லை. அத்தான் பொறுத்திருக்கச் சொல்றார். நீங்கள் சொல்லுங்கோ, எடுக்கவோ, விடவோ?"

எடு என்றால், வராதே என்று என் வாயாலேயே சொன்னது போல. பொறுத்திரு என்றால், எதை நம்பிப் பொறுத்திருப்பாள்? யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை வாசல் மணி அடித்தது. நெஞ்சில் அதே கட்சியின் சின்னத்தைக் குத்தியபடி எங்களுடைய ஆள் ஒருவர் நின்றார். கவுன்சில் தேர்தலில் நிற்கப்போகிறாராம். விம்பிள்டன் கோயில் அன்னதானத்தில் பார்த்த முகம். என் கணவருக்கு அது போதும். "எங்கட பொடியன்" என்று உள்ளே கூட்டிவந்து இருத்திவிட்டு, என்னைத் தேநீர் போடச் சொன்னார். பொடியனுக்கு நாற்பது தாண்டியிருக்கும்.

குப்பைத் தொட்டியில் தொடங்கிய கதை, வடை முடிவதற்குள் ஐரோப்பாவுக்குப் போய்விட்டது. "நாங்கள் வந்தாத் திரும்பச் சேருவம் அண்ணை. அதில மாற்றமில்லை" என்றார் வந்தவர். குப்பை அள்ளுவதற்கு வாக்குக் கேட்டு வந்தவர் ஐரோப்பாவையே தூக்கித் தருகிறார் என்று எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

"அப்ப இதை என்ட மச்சாளுக்கு நீரே சொல்லும் தம்பி!" என் கணவர் வாட்ஸ்அப்பில் தங்கையை எடுத்து, போனை அவர் கையில் திணித்தார்.

தலையில் துவாய் சுற்றியபடி தங்கை திரையில் வந்தாள். அவர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"எப்ப தம்பி?"

"முதல்ல நாங்கள் வெல்லோணும் அக்கா. பிறகு பேச்சுவார்த்தை. சனத்திட்டத் திரும்ப ஒரு வாக்கெடுப்பும் வைக்கவேண்டி வரும். மற்ற இருபத்தேழு நாடும் ஓமெண்டு சொல்லோணும்."

"உங்களுக்குப் பிறகு வாறவை அதை மாத்த மாட்டினமோ?"

"அதை நான் எப்பிடிச் சொல்லுறது அக்கா" என்றார்.

"தம்பி, எனக்கு அங்க வோட் இல்லை. என்னட்ட நீங்கள் ஒண்டும் கேக்கத் தேவையில்லை. எனக்கு ஒரு வீடு வந்திருக்கு, திங்கட்கிழமை பதில் சொல்லோணும். உங்கட கட்சி சொல்றதை நம்பி அதை விடலாமோ? நான் உங்கட சொந்த அக்கா எண்டா என்ன சொல்லுவியள்?"

என் கணவர் வந்தவருக்கு எடுத்துக் கொடுப்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவரோ அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.

"விடாதேங்கோ அக்கா" என்றார். "வீட்டை எடுங்கோ."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. உண்மை சொன்ன மனிதர் மேல்தான் அவ்வளவு கோபமும். வாசல் வாசலாகச் சொல்லும் கதையை எங்கள் வீட்டிலும் சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா? அவர் பொய்யர் இல்லை. தன் கட்சியை நம்புகிறார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். வாக்குக் கேட்கும் அளவுக்கு நம்புகிறார். ஒருத்தி தன் வீட்டை விடலாம் என்று சொல்லும் அளவுக்கு நம்பவில்லை. அதற்கு மேல் அவரிடம் கேட்க எங்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

"சந்தோசம் தம்பி" என்றாள் தங்கை, ஏதோ உதவி செய்துவிட்டது போல. பிறகு என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, அந்தக் கட்டிலை ஆருக்கும் குடுத்திடுங்கோ. சும்மா கிடந்தா உங்களுக்குத்தான் கவலை."

அவர் எழுந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார். வாக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் வாயில் என்ன வந்திருக்குமோ தெரியாது.

திங்கட்கிழமை தங்கை கையெழுத்துப் போட்டாள். புது வீட்டில் அடுப்புக்கு மேலிருந்த குசினி ஜன்னலைப் படமெடுத்து அனுப்பினாள். நல்ல வெளிச்சம். எனக்கு அழுகை வந்தது. என் கணவர், "அவனுக்குத்தான் என்ட வோட், உண்மையைச் சொன்னவன்" என்று முடிவு கட்டிவிட்டார். என்னால் அப்படி முடியவில்லை. திரும்பச் சேர வேண்டும் என்று இந்தத் தெருவில் என்னைவிட அதிகமாக ஆசைப்படுகிறவர் இருக்க முடியாது. அதைச் செய்கிறோம் என்பவர்களுக்குப் போடாமல் யாருக்குப் போடுவது? போட்டால், எதை நம்பிப் போடுவது?

அந்த வாரமே என் கணவர் ஸ்பானரோடு பின்னறை வாசலில் வந்து நின்றார். "இஞ்சேர், கட்டிலைக் கழட்டட்டோ?"

தீபாவளி முடியட்டும் என்றேன்.

தீபாவளி முடிந்தது. அவர் திரும்பவும் கேட்டார். பொங்கல் முடியட்டும் என்றேன்.