ஓடிப்போனவர்கள் சாகிற படம்

இங்கே சினிமாக் கொட்டகையில் யாரும் வாயைத் திறப்பதில்லை. ஜெர்மனிக்கு வந்து ஏழு வருஷமாகியும் இது எனக்குப் பழகவில்லை. கதாநாயகியைச் சுற்றி ஆயிரம் விளக்கு எரிகிறது, அவள் இழுத்துக்கொண்டு நடக்கிற பாவாடைத் துணியில் ஒரு ஊருக்கே சட்டை தைக்கலாம். ஒரு விசில் இல்லை, "எம்மாடியோ" என்று ஒரு குரல் இல்லை. ஒடுகத்தூர் கொட்டகையில் நாங்கள் வில்லன் கத்தியை எடுத்தால் "பின்னால பாருடா" என்று தொண்டை கிழியக் கத்துவோம். இங்கே நான் ஒரு "ச்சே" சொன்னதற்கே முன்வரிசையில் இரண்டு தலைகள் திரும்பின.

அந்த ஞாயிறு மதியம் என்னை அங்கே இழுத்துப் போனவள் கரின். இருவரும் ஒரே முதியோர் இல்லத்தில் நர்ஸ். "உன் ஊர்ப் படம் வந்திருக்கிறது" என்று டிக்கெட்டை நீட்டினாள். எனக்கு ஹிந்தி சுத்தமாகத் தெரியாது என்று எத்தனை முறை சொன்னாலும் அவள் மண்டையில் ஏறாது. அவளைப் போலவே நானும் கீழே ஓடுகிற ஜெர்மன் எழுத்தைப் படித்துத்தான் படம் பார்த்தேன். ஜவ்வாது மலைக்காரிக்கு அரண்மனையும் ஒட்டகமும் என்ன பழக்கம், நீங்களே சொல்லுங்கள். போகாமலே இருந்திருக்கலாம். ஆனால் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். என் தங்கை செல்வி ஓடிப்போய் நான்கு நாள். அவள் போன் இரண்டு நாளாக அணைந்து கிடந்தது.

ஓடிப்போவது எங்கள் மலையில் பெரிய சேதி இல்லை. மனம் ஒத்துப்போனால் இருவரும் பையனுடைய பெரியப்பன் வீட்டுக்கோ மாமன் வீட்டுக்கோ போய்விடுவார்கள். அந்த வீட்டுக்காரர் சோறு போட்டு உட்கார வைத்துவிட்டு, தானே நடந்துபோய்ப் பெண் வீட்டில் சொல்லுவார். பிறகு ஊர்த் தலைவரான நாட்டார் முன்னால் இரண்டு தரப்பும் உட்காரும். திட்டு விழும், பழைய சண்டையெல்லாம் கிளம்பும், கடைசியில் கோழி அடித்துச் சாப்பிட்டுவிட்டுக் கலைவார்கள். என் அப்பா அம்மாவே அப்படிச் சேர்ந்தவர்கள்தான். "ஓடுறப்போ பாதி வழியில மூச்சு வாங்கி உக்காந்த ஆளு" என்று அம்மா இன்றைக்கும் அப்பாவைக் கிண்டல் செய்வாள்.

செல்வியின் சுரேஷ் மலைக்காரன் இல்லை. அடிவாரத்து ஒடுகத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மண்டியில் வேலை செய்கிறவன், ஜமுனாமரத்தூர் சந்தைக்கு வண்டியோடு ஏறி வந்து பழகியவன். வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று அவள் போனில் அழுதபோது நான்தான் பெரிய மனுஷியாட்டம் சொன்னேன்: "இன்னாத்துக்கு அழுவுற? அவங்க பெரியப்பா வூட்டுக்குப் போய்ட்டு உக்காருங்க. அவரே வந்து நம்ம வூட்ல சொல்வாரு." அடிவாரத்தில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது, சாதி விட்டுச் சாதி போனால் அங்கே சோறு போட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாதா? வேலூரில் நர்சிங் படித்தபோது எத்தனை பார்த்தேன்! இத்தனை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு மலையும் அடிவாரமும் ஒன்றென்று நினைத்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

திரையில் இரண்டு குடும்பமும் துப்பாக்கி தூக்கிவிட்டன. காலகாலமாக மேடையேறுகிற வெளிநாட்டுச் சோக நாடகத்தை எடுத்து ராஜஸ்தானத்தில் வைத்திருக்கிறார்களாம். காதலர்கள் சாகத்தான் போகிறார்கள், பள்ளிக்கூடத்தில் படித்த கதை என்று கரின் முன்பே சொல்லியிருந்தாள். நான் போனை மடியில் கவிழ்ப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தேன். கடைசியில் இருவரும் ரத்தத்தில் கிடக்க, மேலிருந்து ஒரு லாரிப் பூ கொட்டியது. கரின் தேம்பினாள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. "ஒரு பெரியப்பன்கூடவா இல்லை இதுகளுக்கு?" என்றேன். அவளுக்கு அது புரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள் ஊரில் நிஜமாகவே இப்படிக் கொல்வார்களா?" என்று கேட்டாள். நான் போனை இன்னொரு முறை நிமிர்த்திப் பார்த்தேன்.

வெளிக்கூடத்துக்கு வந்ததும் போன் அடித்தது. இங்கே மணி மூன்றரை, மலையில் எட்டு. வீடியோவில் அம்மா. எங்கள் வாசலில் பாய் விரித்து நாட்டாரும் நாலைந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் செல்வி. உயிரோடு இருந்தாள். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

சுரேஷின் பெரியப்பன் இவர்கள் இருவர் போனையும் பிடுங்கிக்கொண்டு அடைத்து வைத்திருக்கிறார். இன்றைக்கு சுரேஷை ஒரு காரில் திணித்து எங்கோ அனுப்பிவிட்டு, இவளை மலை பஸ்ஸில் ஏற்றிவிட்டாராம். நாட்டார் கேட்டார்: "யார் சொல்லிம்மா அந்த வூட்டுக்குப் போன?"

"நானாத்தான் போனேன்" என்றாள் செல்வி, தலையைத் தூக்காமல். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"தானா போன பொண்ணுக்கு ஊரு போய்க் கேக்காது. வூட்டுப் பெரியவங்க அனுப்பிச்சிருந்தா, ஊரு எறங்கிப் போய் பையன எங்களுக்குக் குடுங்கன்னு கேக்கலாம்" என்றார் நாட்டார்.

"நான்தான் அனுப்பிச்சேன்!" என்று கத்தினேன். கூடமே திரும்பிப் பார்த்தது.

"அப்டின்னா கிழக்கப் பாத்து நின்னு சொல்லும்மா. அப்பத்தான் செல்லும்."

ஜன்னலே இல்லாத கூடம். நாலு சுவரிலும் செத்துப்போன காதலர்களின் படம். கிழக்குக்கு ஜெர்மன் வார்த்தை, தினம் சொல்கிற வார்த்தை, அந்த நேரம் பார்த்து வாயில் வரவில்லை. "கரின், சூரியன் எந்தப் பக்கம்?" என்றேன். மூக்கைத் துடைத்துக்கொண்டே அவள் கை நீட்டினாள். ஷூவைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றேன். "எந் தங்கச்சிய நான்தான் அனுப்பிச்சேன். என் பேச்சக் கேட்டுத்தான் போனா."

நாட்டார் தலையாட்டினார். "சரி. நாளைக்குக் காலைல ஊரு எறங்கும்." அப்போதுதான் செல்வி வாய்விட்டு அழுதாள். அம்மா போனை வைத்துவிட்டாள்.

ஷூவை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். கரின் கை நீட்டிய பக்கமாகவே தெரு போனது. அதன் கடைசியில், கண் கூசும்படி, குளிர்காலத்துச் சூரியன் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

கரின்மேல் ஒரு குற்றமும் இல்லை. சூரியன் எங்கே என்று கேட்டேன், இருக்கிற இடத்தைக் காட்டினாள். மேற்கே பார்த்துச் சத்தியம் செய்திருக்கிறேன். எங்கள் மலையில் அது செல்லாது. அந்தச் சொல்லை நம்பித்தான் நாளைக்கு ஊர் மலை இறங்கப்போகிறது. கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன். சொன்னால் கூட்டம் கலைந்துபோய்விடுமே என்று வைத்தேன். மறுபடி எடுத்தேன். "அழாதே, அது படம்தானே" என்று கரின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

நான் அந்தத் தெருவிலேயே, போகிறவர் வருகிறவர் பார்க்க, மறுபடி ஷூவைக் கழற்றினேன். சூரியனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கேட்க ஆளில்லாத தமிழில், இன்னொரு முறை சொன்னேன்.