தகரக் கூரைக்கடியில் ஒரு நேர்காணல்

என் பிடிவாதத்தால் மகளின் படிப்பே போயிருக்கும்! ஒலியியலில் உதவித்தொகையோடு முனைவர் ஆய்வு செய்ய விண்ணப்பித்திருந்தாள் கவிதா. இணையவழி நேர்காணலுக்கு ஈப்போவிலுள்ள தோழி வீட்டுக்குப் போவதாக இருந்தாள். “சாமி விளக்கு ஏத்தியிருக்கேன், இங்கேயே பேசு லா,” என்று நான்தான் தடுத்தேன். சாயங்காலம் நான்கு மணிக்கு நேர்காணல். தைப்பிங்கில் அந்நேரத்துக்குத் தவறாமல் கொட்டும் மழையை மறந்துவிட்டேன்.

பேராசிரியர்கள் முதல் கேள்வி கேட்கும்போதே தகரக் கூரையில் மழை கொட்டியது. ஒன்றுமே கேட்கவில்லை. அவள் பதறாமல் திரையில் தட்டெழுதினாள்: “இது எங்கள் வீட்டுக் கூரை. இந்த இரைச்சலைக் குறைக்கத்தான் ஆராய்ச்சி செய்யப் போகிறேன்.” அவர்கள் சிரித்துவிட்டார்கள். மழை விடும்வரை எழுத்திலேயே கேள்வியும் பதிலும் நடந்தன. நான் பெற்றவளா இவள் என்று வியந்தேன். இடம் கிடைத்துவிட்டது.

முன்பெல்லாம் மழை வந்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவேன். இப்போது டிவியை அடைத்துவிட்டு, கூரையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

– சரோஜா, தைப்பிங், மலேசியா