மேட்ச் நாளில் மாமாவின் பஸ் பயணம்

போன வாரம் கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் வண்டி ஏறினேன். வெயிலில் நின்றிருந்த பஸ். சூடேறிய ரெக்ஸின் வாடை மூக்கில் ஏறியதும் மாமா ஞாபகம் வந்துவிட்டது. மற்றவர்களுக்குத் தாய்மாமன் என்றால் சீர், கல்யாணம் என்று ஞாபகம் வரும். எனக்கு பஸ்ஸின் ரெக்ஸின் இருக்கை.

மாமா கடலூர் முதுநகரில் சைக்கிள் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். கிரிக்கெட் என்றால் உயிர் என்று சும்மா சொல்வார்கள். அவர் விஷயத்தில் அது டாக்டர் வாயாலேயே வந்தது. 2007 உலகக் கோப்பையில் நம் அணி முதல் சுற்றோடு மூட்டை கட்டியபோது, மாமா சோறு தண்ணி இல்லாமல் கிடந்து கடையிலேயே மயங்கி விழுந்தார். பிரஷர் எகிறியிருந்தது. இனி மேட்ச் பார்த்தால் ஆளுக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

டிவியை அணைத்தால் தீர்ந்ததா? பக்கத்து வீட்டில் கைதட்டினாலே இவருக்கு வேர்த்துக் கொட்டும். அதனால் அத்தை ஒரு வழி கண்டுபிடித்தார். மேட்ச் அன்று மாமாவை சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றிவிடுவது. போய் டீ குடித்துவிட்டுத் திரும்புவது, மறுபடி ஏறுவது, மேட்ச் முடியும்வரை இப்படியே. மாமாவின் செல்போன் அத்தையின் பீரோவில். காவலுக்கு நான். சிதம்பரத்தில் செல்போன் கடையில் வேலை பார்த்த எனக்கு அந்த நாட்களில் தவறாமல் ஜுரம் வந்துவிடும். நானும் லேசுப்பட்டவன் இல்லை. ஜெயித்த அன்று போட்ட சட்டையைத் தொடர் முடியும்வரை துவைக்க விடமாட்டேன். என் பக்கத்தில் மூக்கைப் பிடிக்காமல் உட்கார்ந்து வந்தது மாமாவின் பெருந்தன்மை.

ஸ்கோர் பேசக் கூடாதென்று கண்டக்டரிடம் முன்பே சொல்லிவைப்பேன். ஆனால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் என்று வண்டி நிற்கும் இடமெல்லாம் டீக்கடை டிவி முன்னால் ஒரு கும்பல் இருக்குமே, அதை என்ன செய்வது? மாமா அந்தப் பக்கம் திரும்ப மாட்டார். காது மட்டும் அங்கே இருக்கும். "இது ஃபோருடா. சிக்ஸுன்னா விசிலு இன்னும் நீளும்" என்பார். அவர் முகத்தில் அப்போது ஒரு களை வரும். அத்தையிடம் நான் மூச்சுவிடவில்லை.

ஒருநாள் பெரிய மேட்ச். நம் ஆட்கள் துரத்திக்கொண்டிருந்தார்கள். ஆலப்பாக்கத்தில் கூச்சல் காதைப் பிளந்தது. புதுச்சத்திரத்தில் வண்டி நின்றபோது சத்தமே இல்லை. கும்பல் அப்படியே நிற்கிறது. ஒருவர் தலையில் கை வைத்திருக்கிறார்.

மாமாவின் முகம் வெளுத்துப்போயிற்று. என் கையைப் பிடித்தார். அவர் கை சில்லென்று இருந்தது.

"முடிஞ்சிடுச்சி மாப்ள."

இவரை அத்தையிடம் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன்? வண்டியை எடுக்க வேண்டாம் என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு இறங்கி டீக்கடைக்கு ஓடினேன்.

கரண்ட் கட். அவ்வளவுதான். அந்த வருஷங்களில் நமக்கு அது புதிதா என்ன? நம் ஆட்கள் நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள் என்றார் டீக்கடைக்காரர், டிவியை முறைத்துக்கொண்டே.

வந்து சொன்னேன். மாமா சட்டைப் பொத்தானைக் கழற்றி ஊதிக்கொண்டார்.

"கரண்டு போனதுக்கு எம் உசுரு போவ இருந்துச்சே" என்று சிரித்தார். முட்லூர் வரும்வரை அந்தச் சிரிப்பு அடங்கவில்லை.

சிதம்பரத்தில் இறங்கியபோது பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தார்கள். ஜெயித்துவிட்டோம். மாமா திரும்பிக்கூடப் பார்க்காமல் டீ சொல்லப் போனார். அடுத்த மேட்சுக்கு நான் ஜுரத்தோடு தயாராகப் போய் நின்றால், தன் கடையில் வேலை இருக்கிறது, பஸ்ஸெல்லாம் வேண்டாம் என்று என்னை அனுப்பிவிட்டார்.

இப்போது அந்தக் கும்பல்கள் இல்லை. அவரவர் செல்போனில் அவரவர் மேட்ச். மாமாவுக்கு வயது எழுபது, கல்லு மாதிரி இருக்கிறார். அத்தையின் வைத்தியம்தான் பலித்தது என்று நான் எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன்.

போன மாதம் நம் அணி தோற்றது. மனசு ஆறவில்லை. இந்த ஊரில் என் துக்கம் தெரிந்தவர் அவர் ஒருவர்தானே என்று மறுநாள் காலையில் மாமாவுக்கு போன் போட்டேன்.

"நேத்து மேட்ச்சு இருந்துச்சா?" என்றார்.