எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை

ஆந்திராவின் புத்தூரில் நான் விளையாட்டு ஆசிரியராக இருக்கும் கல்லூரிக்கு, ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் வண்டி வந்திருக்கிறது. இன்று ஆயுத பூஜை.

பூஜைக்கு முன்னால் ஸ்டார்ட் பண்ணக் கூடாதென்று பிரின்சிபால் உத்தரவு. ஷெட்டிலிருந்து தள்ளிக்கொண்டே வந்தோம்.

தேங்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. நான் ஏறினேன். இன்ஜின் உறுமியது. வண்டி நகரவில்லை.

"பெல்ட் அறுந்திருக்கும்" என்றேன். கழற்றிப் பார்த்தால் பெல்ட் புத்தம்புதிது. ஆயிலும் சரி, பிரேக்கும் சரி.

"கியர்பாக்ஸே போச்சு. சித்தூர்லருந்து மெக்கானிக் வரணும்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டேன்.

"எதுக்கு சார்? எலும்பு முறிஞ்சா போடற நம்ம புத்தூர் கட்டு ஒண்ணு போட்டுப் பாக்கலாம்" என்றார் ஆபீஸ் கிளார்க். எல்லாரும் சிரித்தார்கள்.

தோட்டக்காரர் முனிரத்தினம் மட்டும் என் காதருகே வந்தார்.

"சார், தள்ளிக்கினு வரசொல்ல சக்கரம் சுத்தலன்னு பின்னாடி ஒரு கம்பிய இழுத்து வுட்டீங்களே, அத்த உள்ள தள்னீங்களா?"

இல்லை. அதை இழுத்தால் சக்கரம் இன்ஜினிலிருந்து விடுபட்டுவிடும்.

அவரே போய்க் கம்பியை உள்ளே தள்ளினார். நான் மறுபடி ஏறி ஓட்டினேன். நாலு பழமும் நசுங்கின. ஒரே கைதட்டல், எனக்கு.

பிரின்சிபால் என் தோளைத் தட்டிவிட்டு முனிரத்தினத்திடம் தெலுங்கில் சொன்னார்: "மிஷின் சங்கதி அந்தா சார் தக்கர நேர்ச்சுகோ." எல்லாம் என்னிடம் கற்றுக்கொள்ள வேண்டுமாம்.

"சரி சார்" என்றார் முனிரத்தினம். "இழுக்கறத அவருகிட்ட கத்துக்கினேன். தள்றத நான் பாத்துக்கறேன்."

கமெண்டில் பார்த்துச் சிரியுங்கள். பிரின்சிபாலும் என் நண்பர் பட்டியலில் இருக்கிறார்.