திராட்சைப் பெட்டியில் ஏற்றிய நெபுலைசர்

மாலை நாலே காலுக்கு, அல்லிநகரத்துப் புது வீட்டு வாசலில் வேனின் பின்பக்கம் போய்ப் பார்த்தபோது அந்தப் பெட்டிக்கு அடிப்பாகமே இல்லை. ஈர அட்டை மட்டும் கயிற்றில் தொங்கியது. உள்ளே வைத்திருந்த, இழுப்பு வந்தால் என் மகளுக்கு மருந்தை ஆவியாக்கித் தரும் நெபுலைசரும் மருந்தும் வழியில் எங்கோ விழுந்திருந்தன.

கம்பத்திலிருந்து வீடு மாறினோம். அங்கே பக்கத்து வீட்டுத் திராட்சைத் தோட்டக்காரர் பெரியசாமி அண்ணனிடம் பழம் அடுக்கும் பழைய பெட்டிகளைக் கேட்டு வாங்கியிருந்தேன். அத்தனை பழத்தைத் தாங்குகிற அட்டை இதைத் தாங்காதா என்ற எண்ணம். இறங்கியதும் எடுக்க வசதியாக அதைக் கடைசியாக, பின்கதவுக்கு வெளியே கட்டி ஏற்றச் சொன்னதும் நான்தான். சின்னமனூர் தாண்டிப் பிடித்த மழை, பெட்டியின் ஓட்டைகள் வழியே புகுந்து அட்டையை ஊறவைத்துவிட்டது.

புது வீட்டுத் தூசியில் மகளுக்கு இழுப்பு தொடங்கியது. "அம்மா, முடியலம்மா" என்றாள். கணவர் ஆட்டோ பிடிக்க ஓடினார். அவளை நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தடவினேன்.

இப்போதெல்லாம் எங்கே போனாலும் மருந்துப் பை என் மடியில்தான் வரும். மகளின் விடுதிக்குப் பார்சல் அனுப்பினாலும் ஓட்டையில்லாத ஐந்தடுக்குப் புது அட்டைப்பெட்டி வாங்கி, அடியில் இரட்டை டேப் ஒட்டி, தூக்கி உலுக்கிப் பார்த்தே அனுப்புகிறேன்.

அன்று ஆட்டோவுக்கு முன்பே பெரியசாமி அண்ணனின் பைக் வந்தது. வேனுக்குப் பின்னால் எங்கள் கேஸ் சிலிண்டரைக் கொண்டுவந்தவர், வீரபாண்டி அருகே சாலையோரப் புல்லில் மகளின் பள்ளி ஸ்வெட்டரை அடையாளம் கண்டு நின்றிருக்கிறார். பாலிதீன் பையில் போட்டு அதில் சுற்றியிருந்த மிஷினும் மருந்தும் நனையவுமில்லை, உடையவுமில்லை.

மகள் மாஸ்க்கை மாட்டி மூச்சு சீரானதும் அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, பழம் மூச்சு விடட்டும்னு ஓட்டை போட்ட பெட்டி அது. அதுல போயி புள்ள மூச்சையா கட்டி அனுப்புவாக?"