சீட்டுக்கடியில் பூட்டின சிவப்பு லைட்

எங்க வீட்டுக்காரரோட சைக்கிளுக்கு லைட் பாத்து வாங்கினது நான்தான். அவரு வேணாம்னாரு. "கண்ண மூடிக்கிட்டே வருவேன் இந்தப் பாதையில"ன்னு பெருமை வேற! வெலிமடையில மரக்கறிக் கடையொன்னுல மூட்ட தூக்குற வேல அவருக்கு. நாங்க இருக்குற தேயிலத் தோட்டத்துக்கு வந்து சேர ஏழு மணியாயிரும். அதுக்குள்ள இருட்டி, பனியும் எறங்கிரும். லொறி பறக்குற ரோட்டுல இந்த மனுசன் இருட்டோட இருட்டா வர்றாரேன்னு நான் தெனமும் வாசலுக்கும் அடுப்புக்கும் நடப்பேன்.

ஒரு நாள் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனப்ப, அப்பிடியே சைக்கிள் சாமான் கடைக்கும் போனேன். முன்னுக்குப் போட, கண்ணப் பறிக்கிற வெள்ள லைட்டத்தான் கையில எடுத்தேன். "பனியில வெள்ள அடிச்சா திரும்பி ஓட்டுறவர் கண்ணுலதான் அடிக்கும் தங்கச்சி, மஞ்சள எடுங்க"ன்னாரு கடைக்கார நானா. சரின்னுட்டேன். பின்னுக்கு, விட்டுவிட்டு எரியிற சிவப்பு. "இத கீழ, மட்கார்டுல பூட்டுங்க"ன்னாரு. எனக்கு வந்துச்சே கோவம்! "எங்க ரோட்டுச் சேத்தப் பாத்திருக்கீங்களா நானா? ஒரே வாரத்துல சேறு அப்பிரும். சீட்டுக்கடியில பூட்டுற மாதிரி தாங்க"ன்னேன். அவரும் தந்தாரு.

நானே பூட்டினேன். "என்னடி, தேர்த் திருவிழாவா?"ன்னு எங்க வீட்டுக்காரரு சிரிச்சாரு. ஆனா அன்னையிலருந்து ஒழுங்காப் போட்டுக்கிட்டுத்தான் வந்தாரு. எங்க லயத்து வீட்டு வாசல்ல நிப்பேன். வளைவுல மஞ்ச வெளிச்சம் தெரிஞ்சா உசுரு வரும், தேத்தண்ணிக்குத் தண்ணி வைப்பேன்.

அப்பத்தான் எங்க மாடு கன்னு போட்டுச்சு. எங்க லயத்துல மரக்கறிக் கடைக்குப் போறவங்க எல்லாரும், கடையில கழிச்சுப் போடுற கோவா எலைய மாட்டுக்குக் கட்டிட்டு வருவாங்க. "நீங்க மட்டும் ஏன் வெறுங்கையோட வாறீங்க?"ன்னு நான்தான் நச்சரிச்சேன். அவரும் உரப்பை நெறைய எலைய அமுக்கி, கெரியர்ல நிமித்திக் கட்டிக்கிட்டு வந்தாரு. சீட்டையும் தாண்டி ஒசரமா நிக்கும் பை. காலையில போகையில பை இல்ல. ராவுல வரும்போது நான் முன்னால நின்னுதான் பாப்பேன். ஒரு நாளாவது பின்னால போய்ப் பாத்தேனா பாவி!

ஒரு நாள் வளைவுக்கு முன்னாலேயே, பின்னால வந்த லொறி அவர அடிச்சிருச்சு. நான் ஓடிப் போகையில அவருக்கு மூச்சில்ல. லொறிக்காரர் தலையில கை வச்சிக்கிட்டு, "பின்னால லைட்டே இல்லங்க, சத்தியமா இல்ல"ன்னு அழுதாரு. அந்த லொறிக்காரர் சட்டையப் புடிச்சு உலுக்கினேன். "என் கையால பூட்டின லைட்டு, பொய்யா சொல்ற!"ன்னு கத்தினேன். சனமெல்லாம் என் பக்கம்.

சைக்கிள் ரோட்டோரத் தண்ணிக் கான்ல கெடந்துச்சு. எலை மூட்ட அவுழாம அப்பிடியே இருந்துச்சு. அத அவுத்து இழுத்தேன். அது மறைச்சிருந்த எடத்துல, சீட்டுக்கடியில, சிவப்பு லைட் விட்டுவிட்டு எரிஞ்சிக்கிட்டு இருந்துச்சு. வேற யாரும் பாக்கல.

லொறிக்காரர் மேல போட்ட கேஸுல, கோர்ட்டுல, "பின் லைட் எரிஞ்சதா?"ன்னு கேட்டாங்க. "எரிஞ்சது"ன்னேன். மூட்டயப் பத்தி யாரும் கேக்கல, நானும் சொல்லல. வெளிய வந்தப்ப லொறிக்காரரோட சம்சாரம், இடுப்புல கைக்கொழந்தையோட, என் கால்ல விழுந்துச்சு. "லைட்டு தெரியலன்னுதான் அவரு சொல்றாரு. உங்களுக்கு ஏதாச்சும் தெரிஞ்சா சொல்லுங்க அக்கா"ன்னு அழுதுச்சு.

நான் கால உருவிக்கிட்டுப் போய் பஸ் ஏறிட்டேன்.